பழைய லொறியில் பழைய சைரன் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் இன்னும் ஓடுகிற பழைய லொறிகள் சில உண்டு. ஒருநாள் ஓடும் என்ற நம்பிக்கையில் வளவுக்குள் மாமரத்தடியில் நிற்பவை அதைவிட அதிகம். பெட்போர்ட், டொட்ஜ், ஒஸ்டின் என்று ஒன்றைத் திருத்தி எடுப்பவர்கள், டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் முடிந்த கையோடு கேட்பது சைரன் பற்றித்தான். அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஸ்பீக்கரில் சத்தம் வரும் எலெக்ட்ரோனிக் பெட்டியைப் பற்றி இங்கே பேச்சில்லை. மோட்டாரால் சுழன்று, மெல்ல ஏறி, மெல்ல இறங்கும் இரும்புச் சைரன் பற்றியே பேச்சு.

சைரன் உள்ளே என்ன நடக்கிறது? அது தெரியாமல் பொருத்த முடியாதா?

பொருத்தலாம். ஆனால் பழுது பார்க்க வராது. உள்ளே சுழலி ஒன்று, அதைச் சுற்றி அசையாத கூடு ஒன்று. இரண்டிலும் வாசல்கள் வெட்டப்பட்டிருக்கும். சுழலி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். வாசலும் வாசலும் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிடும், விலகும்போது அடைபடும். இந்த வெட்டு விட்டுவிட்டு நடப்பதுதான் ஒலி. பத்து வாசல் உள்ள சுழலி நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு 1000 வெட்டு, அதாவது 1000 ஹெர்ட்ஸ்.

இதில் நமக்குப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. சுருதி முழுக்க முழுக்க வேகத்தைப் பொறுத்தது. பொருத்திய பிறகு சைரன் அழுத்தமில்லாமல், தாழ்ந்த சுருதியில் ஓலமிட்டால், மோட்டாருக்குப் போதிய வோல்ட் போய்ச் சேரவில்லை அல்லது பேரிங் பிடிக்கிறது. மீற்றரை எடுப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

என் லொறிக்கு எந்தச் சைரன் பொருந்தும்?

அமெரிக்க லொறி என்றால் அமெரிக்கச் சைரன். ஃபெடரல் நிறுவனத்தின் கியூ வகைதான் எல்லோரும் ஆசைப்படுவது. கியூ2பி என்ற மாதிரி இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. பத்து அடி தூரத்தில் 123 டெசிபல் சத்தம். ஸ்டெர்லிங், பி அண்ட் எம் போன்ற பெயர்களும் பழைய சாமான் சந்தையில் வரும். டொட்ஜ், செவர்லே, ஃபோர்ட் ஆகியவற்றின் முகத்தில் இவை இடம் பார்த்துச் செய்ததுபோல உட்காரும்.

பெட்போர்ட் என்றால் நான் கொஞ்சம் தயங்குவேன். 1960கள் வரை பிரித்தானியத் தீயணைப்பு வண்டிகளின் அடையாளம் மணிதான். அப்புறம் இரட்டைத் தொனி ஹோர்ன் வந்தது. உருளையான குரோம் சைரன் அங்கே வழக்கத்தில் இருக்கவில்லை. ஆகவே தீயணைப்பு வண்டியாக வேலை செய்த பெட்போர்டை அன்றிருந்தபடியே மீட்கிறீர்கள் என்றால், பளபளக்கும் பித்தளை மணி ஒன்றைத் தேடுங்கள். சட்டச் சிக்கலும் குறையும், வயரும் வேண்டாம். இல்லை, எனக்குச் சைரன்தான் வேண்டும் என்றால் சரி, வண்டி உங்களுடையது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலி உரசாமல் ஓட வேண்டும். கியூ வகையில் மோட்டாருக்கும் சுழலிக்கும் இடையே ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. அதனால்தான் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது நீண்ட நேரம் முனகிக்கொண்டே இறங்குகிறது. கிளட்ச் நல்லதென்றால் ஒரு பக்கம் தாராளமாகச் சுழலும், மறுபக்கம் மோட்டாரையும் சேர்த்து இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கிளட்ச் போய்விட்டது.

சுழலியின் இதழ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் உலோகம் உடைந்தால் கூட்டுக்குள் அடங்கி இருக்காது. வெடித்த சுழலியை வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எடை சமன் குலைந்துவிடும், தொடவே வேண்டாம்.

குரோம் உரிந்திருப்பது, மூக்கில் சொட்டை, பெயர்த்தகடு இல்லாதது எல்லாம் விலை பேசப் பயன்படும். வாங்குவதைத் தடுக்க வேண்டிய குறைகள் அல்ல.

பழைய ஆலைச் சங்கு ஒன்று கிடைத்தது. அதை லொறியில் ஏற்றலாமா?

ஏற்றலாம், சுமையாக. ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை நேரத்துக்கு ஊதிய சங்குகள் பெரும்பாலும் 230 வோல்ட் அல்லது மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடுபவை. இன்வேர்ட்டர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். செலவையும் எடையையும் பார்த்தால் அர்த்தமில்லை. கைப்பிடி சுற்றி ஊதும் சைரன் கிடைத்தால் அது வேறு கதை: வயரில்லை, பற்றரியில்லை, பின் பெட்டியில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்தலாம். கண்காட்சிக்கு வரும் சிறுவர்கள் சுற்றிப் பார்க்க அதைவிட நல்லது இல்லை.

6 வோல்ட் சைரனை 12 வோல்டில் ஓட்டினால்?

சத்தம் பிரமாதமாக இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு. பிறகு ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுற்று) சூடேறும், சுழலி அது தாங்கும் வேகத்தைத் தாண்டும். செய்யாதீர்கள். 24 வோல்ட் சைரனை 12இல் ஓட்டுவது ஆபத்தில்லை, ஆனால் கிழட்டுப் பூனையின் குரல்தான் வரும். வண்டியின் வோல்டுக்குச் சைரனைத் தேடுவது நல்லது. அல்லது ஆர்மேச்சர் வைண்டிங் செய்யும் கடையில் கொடுத்து, அந்த வோல்டுக்கு மறுபடி சுற்றச் சொல்லலாம். நல்ல கை என்றால் செய்துவிடுவார்கள்.

பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்த்து முடிவெடுங்கள். சில பழைய லொறிகளில் 6 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்து 12 ஆக்கியிருப்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "இது 6 வோல்ட் வண்டி" என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் லொறி பொசிட்டிவ் ஏர்த். சைரன் தலைகீழாகச் சுற்றுமா?

பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் சேசியில் இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தக்காலச் சைரன் மோட்டார் பெரும்பாலும் சீரிஸ் வைண்டிங், ஸ்டார்ட்டர் மோட்டார் போல: அசையாத ஃபீல்ட் சுற்றும் சுழலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்திருக்கும். முனையை மாற்றினால் ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே மாறும், சுற்றும் திசை மாறாது. நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் என்றால் மாறும். அப்போது சுழலி தவறான பக்கம் சுற்றும்.

சீரிஸ் மோட்டார் பற்றி இன்னொன்று. சுழலியைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் முழு வோல்டில் சோதிக்காதீர்கள். சுமை இல்லாத சீரிஸ் மோட்டார் வேகமெடுத்துக்கொண்டே போகும், சுற்றுக்கம்பி பிய்த்துக்கொண்டு வெளியே வரும்வரை.

வயரிங் எப்படி? ஹோர்ன் வயரிலேயே எடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். சைரன் ஹோர்னின் அண்ணன் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரின் தம்பி. கியூ வகைச் சைரன் ஓடும்போது 100 அம்பியர் அளவில் இழுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்னும் அதிகம். ஹோர்ன் இழுப்பது சில அம்பியர் மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 4 மீற்றர் நீளம்: தடை 0.028 ஓம். 100 அம்பியர் போனால் 2.8 வோல்ட் வயரிலேயே தொலையும், 280 வாட் சூடாக மாறும். வயரிங் கட்டுக்குள், பெயின்ட் அடித்த பலகைக்குப் பின்னால், நடுவில் ஓரிடத்தில் அந்தச் சூடு. லொறி எரிவதற்கு வேறு காரணம் தேவையில்லை. அதே தூரத்துக்கு 35 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டால் இழப்பு 0.2 வோல்ட் மட்டும். வெல்டிங் கேபிள் போதும், வளையும், கிடைக்கும்.

பாதை இப்படி இருக்க வேண்டும்: பற்றரி முனை, அங்கிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 150 அல்லது 200 அம்பியர் பியூஸ், அடுத்து மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்க, கையால் திருப்பும் ஐசொலேட்டர் சுவிட்ச், பிறகு சிறிய சுவிட்ச் ஒன்றின் கட்டளையில் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சொலினொய்ட், அங்கிருந்து சைரன். ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பியூஸ் கிடையாதே, இதற்கு எதற்கு என்று கேட்கும் பாஸ்மார் உண்டு. ஸ்டார்ட்டர் கேபிள் சேசி ஓரமாகக் குறுகிய தூரம் போகிறது. சைரன் கேபிள் ரேடியேட்டரைச் சுற்றி, கூரான தகடுகளைத் தாண்டி, வண்டியின் மூக்குவரை போகிறது. மோதினால் முதலில் நசுங்குவது அந்த இடம்.

டாஷ்போர்டில் அம்மீற்றர் இருக்கும் வண்டிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய அம்மீற்றர் பெரும்பாலும் 30 அம்பியர் வரைதான் காட்டும். சைரன் மின்சாரம் அதன் வழியாகப் போகும்படி எங்கேயாவது தொடுத்துவிட்டால் முள் மட்டையடித்துப் போகும், மீற்றரும் கருகும். நேராகப் பற்றரியிலிருந்தோ, ஸ்டார்ட்டர் சொலினொய்டின் பற்றரிப் பக்க முனையிலிருந்தோ எடுங்கள்.

திரும்பும் பாதையை மறப்பவர்கள்தான் அதிகம். போகிற 100 அம்பியரும் திரும்பி வர வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பிராக்கெட், அதற்கடியில் ரப்பர் என்றால் ஏர்த் எங்கே? சைரன் கூட்டிலிருந்து சேசிக்கு, பெயின்டைச் சுரண்டிய இடத்தில், அதே தடிப்பில் தனிக் கேபிள் ஒன்று போடுங்கள். முடிந்தால் பற்றரியின் ஏர்த் முனைக்கே கொண்டுபோங்கள்.

எந்தச் சொலினொய்ட்?

தொடர்ந்து இயங்கக்கூடிய வகை. ஸ்டார்ட்டர் சொலினொய்டும் வேலை செய்யும், ஆனால் அதன் கொயில் சில விநாடி வேலைக்கென்று செய்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடேறும்.

டைனமோ தாங்குமா? பற்றரி இறங்கிவிடாதா?

அக்காலப் பிரித்தானிய வாகனங்களில் பரவலாக இருந்த லூக்காஸ் சி40 டைனமோவின் அதிகபட்சம் 22 அம்பியர். சைரன் கேட்பது 100. எனவே சைரன் ஓடுவது பற்றரியில்தான், டைனமோ பிறகு நிரப்பும். பத்து விநாடி ஓடினால் செலவு 1000 அம்பியர்-விநாடி. டைனமோ முழு மூச்சில் நிரப்பினால் முக்கால் நிமிடம். பற்றரி நல்லதென்றால் இது ஒன்றுமில்லை. லைட், வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு, எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது திரும்பத் திரும்ப ஊதினால்தான் சிக்கல். பழைய டைனமோ ஐட்லிங்கில் அநேகமாக எதுவுமே தராது.

இதற்காக டைனமோவைக் கழற்றி ஒல்டனேட்டர் போடச் சொல்ல மாட்டேன். தினமும் ஓடுகிற வண்டி என்றால் வேறு விஷயம்.

காலால் மிதிக்கும் சுவிட்ச் வேண்டும். எந்த வகை, எங்கே வைப்பது?

பழைய லைட் டிப்பர் சுவிட்ச் வேண்டாம். அது ஒருமுறை மிதித்தால் ஒரு பக்கம், மறுமுறை மிதித்தால் மறுபக்கம் என்று நிற்கும். மிதித்தால் இணைந்து, விட்டால் பிரியும் வகை வேண்டும். சொலினொய்ட் கொயிலை இயக்குவதற்கு மட்டும் என்பதால் சிறிய சுவிட்ச் போதும். கிளட்ச் மிதிக்கு இடப்பக்கம், தற்செயலாகக் கால் படாத தூரத்தில் வையுங்கள். கண்டி வீதியில் கியர் மாற்றும்போது சைரன் எழுந்தால் முன்னால் போகிற முச்சக்கர வண்டிக்காரர் எந்தப் பக்கம் வெட்டுவார் என்று சொல்ல முடியாது.

எங்கே பொருத்துவது: மட்கார்ட், பம்பர், கூரை?

மட்கார்டில் பார்க்க அழகு. ஆனால் தகடு தனியாகத் தாங்காது. அடியில் 5 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்றை அகலமாகக் கொடுத்து, சேசிக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். கூரையில் வைத்தால் முழுக் கூரையும் சேர்ந்து அதிரும், ஓட்டுபவரின் தலைக்கு நேர் மேலே. நான் விரும்புவது பம்பருக்குப் பின்னால் சேசிக் கொம்புகளிலிருந்து கவ்வி எடுக்கும் பிராக்கெட். அசல் உடம்பில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம், நாளைக்குக் கழற்றினாலும் தடம் இருக்காது.

ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மட்டும் வைக்காதீர்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் இங்கே எஞ்சின் ஏற்கெனவே திணறுகிறது.

கடற்காற்று என்ன செய்யும்?

அலுமினியக் கூட்டில் இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் போல்ட், இடையில் உப்பு ஈரம்: போல்டைச் சுற்றி வெள்ளை மா பூத்து, அலுமினியம் அரித்துப்போகும். நைலோன் வாஷர் போட்டு, போல்ட் மரையில் கிரீஸ் தடவுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக வண்டி நிற்கிறதென்றால் இது கட்டாயம்.

வாடை மழைக்கு, மூக்கைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். கூட்டின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் அது கீழே வர வேண்டும். சைரனைத் திருப்பிப் பொருத்தி, துளை மேலே வந்து, உள்ளே தண்ணீர் கட்டிய கதைகள் உண்டு. கன்வஸ் உறை நல்லது. பொலித்தீன் உறை வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

குளவியையும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் நிற்கும் வண்டியின் சைரன் வாய்க்குள் மண் கூடு கட்டிவிடும். பார்க்காமல் அழுத்தினால் கட்டி மண் சுழலிக்கும் கூட்டுக்கும் நடுவில் சிக்கும்.

பிரஷ், பேரிங் இங்கே கிடைக்குமா?

பேரிங்கின் ஓரத்தில் இலக்கம் பொறித்திருக்கும்; 6200 வரிசை என்றால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். பழைய அமெரிக்கச் சாமானில் அங்குல அளவு வந்தால் அலைய வேண்டியிருக்கும். சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷுக்கு, ஸ்டார்ட்டர் மோட்டார் பிரஷ் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக வாங்கி அரத்தால் அராவி அளவாக்கலாம். கிரைண்டர், டிரில் மெஷின் பிரஷ் வைக்காதீர்கள். அது 230 வோல்டுக்கான வெறும் கரி. குறைந்த வோல்டில் பெரிய மின்சாரம் போக, செப்புத்தூள் கலந்த பிரஷ்தான் வேண்டும்.

வீதியில் ஊதலாமா?

கூடாது. இலங்கையில் சைரன் பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு வாகனங்களுக்கு உரியது. 2025இல் அதிக சத்தம் போடும் ஹோர்ன், சைலன்சர், மின்னும் வர்ண விளக்குகளுக்கு எதிராகப் பொலிஸார் நாடு முழுக்கக் கடுமையாக இறங்கினார்கள். சிவப்பு லைட்டும் சைரனுமாகப் பழைய லொறி ஒன்று கடற்கரை வீதியில் போனால் முதலில் மறிப்பது அதைத்தான். பொருத்துவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுவிடுங்கள். வீதியில் இறங்கும்போது ஐசொலேட்டரைத் திருப்பி, சாவியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

கோயில் திருவிழா, ஊர்வலத்தில் அண்ணை?

தம்பி, நாதஸ்வரக்காரர் பாவம். வேண்டாம்.

அப்படியானால் எங்கேதான் ஊதுவது? பொருத்தி என்ன பிரயோசனம்?

அனுமதி பெற்ற வாகனக் கண்காட்சி, பாடசாலைப் பொருட்காட்சி, அல்லது ஊருக்கு வெளியே வயல் பக்கம். அயலுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அதுவும்.

இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அந்தப் போரில் பிரித்தானியரின் முறைப்படி ஏறி இறங்கும் சைரன் ஆபத்துக்கு, ஒரே சீராக நீளும் சைரன் ஆபத்து நீங்கியதற்கு. நீங்கள் மிதியை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஊதும்போது வருவது அந்த முதலாவது ஒலி. அதைக் கேட்டவர்கள் இன்று மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பின்னர் யுத்த காலத்தைக் கண்டவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடலோரத்தில் சைரன் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்று நாமே பழக்கியிருக்கிறோம். உப்புவெளியில் ஒருவர் விளையாட்டுக்கு ஊதினால், அடுத்தமுறை உண்மையாக ஊதும்போது யாராவது "அந்த லொறிக்காரன்தான்" என்று திரும்பிப் படுத்துவிடலாம்.

கடற்படைத் தளம், சீனக்குடா விமானத்தளம், வைத்தியசாலைச் சுற்றுவட்டாரம் எல்லாம் நினைத்தும் பார்க்க வேண்டாத இடங்கள். கோட்டைப் பக்கம் புல் மேயும் மான்கள் மிரண்டு வீதிக்குப் பாயும். அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

காதுக்கு எவ்வளவு ஆபத்து?

85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 115 டெசிபலுக்கு அரை நிமிடம்கூட இல்லை. பத்து அடியில் 123 என்றால் தூரம் இரட்டிக்கும்போது ஆறு ஆறாகக் குறையும்: இருபது அடியில் 117, நாற்பது அடியில் 111. முன்னால் நிற்பவரை முதலில் விலக்குங்கள், காதுக்கவசம் போடுங்கள், பிறகு மிதியுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பம்பரில் ஏற்றிப் படம் எடுக்கும்போது ஐசொலேட்டர் திருப்பியிருக்கட்டும்.

விட்ட பிறகும் சைரன் நிற்கவில்லை. என்ன செய்வது?

இறங்கி வரும் முனகல் என்றால் அது இயல்பு. பிரேக் உள்ள மாதிரியில் பிரேக் பொத்தானை அழுத்தினால் அடங்கும். சுருதி இறங்காமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் சொலினொய்டின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டன. மிதியைத் தட்டிப் பயனில்லை, எஞ்சினை நிறுத்தியும் பயனில்லை, பற்றரி நேரடியாக ஊட்டிக்கொண்டிருக்கிறது. ஐசொலேட்டரைத் திருப்புங்கள். அது இருக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொனட்டுக்கு அடியில் வைத்தால், 123 டெசிபலுக்கு முன்னால் போய் நின்று பொனட்டைத் திறக்க வேண்டிவரும். ஒட்டிய சொலினொய்டைத் தட்டி விடுவித்துத் திரும்பப் பாவிக்காதீர்கள், புதிதாக ஒன்று போடுங்கள். ஒட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் இறங்கிய பற்றரி அல்லது தளர்ந்த ஏர்த்: வோல்ட் குறையும்போது முனைகள் இறுக்கமாக மூடாமல் பொறி பறந்து உருகும். புதியதைப் போடுமுன் அந்த இரண்டையும் பாருங்கள்.